களையை வெல்ல மடையைக் காத்திடுங்கள்: நெல் விவசாயிக்கு 25 குறிப்புகள்

மேட்டூர் அணையை ஜூன் 12-இல் திறந்து ஜனவரி 28-இல் மூடுவது காவிரிப் படுகையின் வழக்கம். குறுவை, சம்பா, தாளடி எல்லாம் அந்த இரண்டு தேதிகளை ஒட்டியே ஓடுகின்றன. அணையில் இருப்பு குறைந்து, வாய்க்காலில் முறை வைத்துத் தண்ணீர் விடும் ஆண்டுகளில் எல்லா ஊர்களிலும் ஒரே புலம்பல்தான்: “பயிரைவிடப் புல்லு முந்திக்கிட்டு வருது.”

அதில் வியப்பில்லை. நெல் தண்ணீரில் நிற்கப் பழகிய பயிர். புல் இனக் களைகள் பெரும்பாலானவற்றின் விதைகள் காற்றோட்டம் உள்ள ஈர மண்ணில்தான் தாராளமாக முளைக்கும். வயலில் சரியான ஆழத்தில் தண்ணீர் நின்றால் அவற்றில் பெரும்பகுதி தலைகாட்டாது. மண் காய்ந்து காய்ந்து ஈரமானால் அத்தனையும் எழுந்துவிடும். ஆகவே களை வேறு, தண்ணீர் வேறு என்று கணக்குப் போடாதீர்கள். நட்ட முதல் நாற்பது நாளில் மடையைச் சரியாகக் கவனித்தால் களைச் செலவில் பெரும்பங்கு மிச்சம். அதற்கான குறிப்புகளை வேலை நடக்கும் வரிசையிலேயே தருகிறேன்.

நிலம் தயாரிக்கும்போது

1. கோடை உழவைத் தவற விடாதீர்கள். சித்திரை, வைகாசியில் ஒரு மழை பெய்ததும் சரிவுக்குக் குறுக்கே ஆழமாக உழுது போடுங்கள். கோரைக்கிழங்கும் அருகம்புல் வேரும் மேலே வந்து வெயிலில் காயும். கட்டி பெயர்ந்த மண் அடுத்த மழையைக் குடித்துக்கொள்ளும். மண்ணில் உறங்கும் கூட்டுப்புழுக்களும் வெளியே வந்து பறவைகளுக்கு இரையாகும். கோரை மண்டிய வயலில் ஒரே உழவு போதாது. கிழங்கு மறுபடி துளிர்த்ததும் இன்னொரு உழவு ஓட்டுங்கள்.

2. களையை முளைக்க விட்டு மடக்கி உழுங்கள். வாய்க்காலில் தண்ணீர் வந்ததும் அவசரப்பட்டு ஒரே மூச்சில் சேறடித்து நட்டுவிடாமல், முதல் தண்ணீரை மண் நனையும் அளவுக்கு மட்டும் பாய்ச்சி ஏழு முதல் பத்து நாள் விடுங்கள். மேல் மண்ணில் கிடக்கும் களை விதைகள் பச்சைப் பசேலென்று முளைத்துவிடும். அப்போது தண்ணீர் கட்டிச் சேற்றுழவு ஓட்டினால் அத்தனையும் மண்ணுக்குள் போய் எருவாகும். இரண்டு சேற்றுழவுக்கும் நடுவே ஒரு வார இடைவெளி இருந்தால் இன்னும் நல்லது.

3. தக்கைப்பூண்டு விதையுங்கள். தண்ணீர் வர நாள் இருக்கிறது என்றால் நிலத்தைச் சும்மா போடாதீர்கள். ஏக்கருக்கு 20 கிலோ தக்கைப்பூண்டு விதை போதும். அது நெருக்கமாக வளர்ந்து நிழல் கட்டும்போது அடியில் களை எழாது. 45 நாளில், பூ எடுக்கும் பருவத்தில் மடக்கி உழுதால் தழைச்சத்தும் கிடைக்கும். தண்டு முற்றி நாராகும் வரை விட்டுவிட்டால் மக்குவதற்கு நாளாகும், நடவுக்கும் இடைஞ்சல்.

4. வரப்பை வெட்டி, அண்டை பூசி, வளையை அடையுங்கள். வரப்பில் இருக்கும் புல்லின் வேர்தான் வயலுக்குள் இறங்கும். அதன் விதைதான் உள்ளே உதிரும். அதனால் நடவுக்கு முன் வரப்பின் பக்கங்களைச் செதுக்கி, சேற்றை அள்ளி வழவழப்பாகப் பூசிவிடுங்கள். எலி வளையையும் நண்டு வளையையும் மிதித்து இறுக அடையுங்கள். இரவில் நிறுத்திய தண்ணீர் காலையில் இல்லை என்றால் வரப்பின் வெளிப்பக்கமாக நடந்து பாருங்கள். ஈரம் கசியும் இடத்துக்கு நேர் உள்ளேதான் வளை இருக்கும்.

5. மேடு பள்ளம் இருந்தால் எந்த மருந்தும் பலிக்காது. ஒரே வயலில் நான்கு விரற்கடை ஏற்றத்தாழ்வு இருந்தால்கூடப் பள்ளத்தில் நாற்று மூழ்கும், மேட்டில் புல் முளைக்கும். மேட்டை நனைக்க வேண்டும் என்று வயல் முழுவதும் தண்ணீரை ஏற்றுவோம். அங்கேதான் தண்ணீர் வீணாகிறது. கடைசிச் சேற்றுழவுக்குப் பின் பரம்பு அடித்ததும் மெல்லிய தண்ணீர் கட்டிப் பாருங்கள். தண்ணீருக்கு மேலே தெரியும் திட்டுகளை அப்போதே இழுத்துப் பள்ளத்தில் தள்ளுங்கள். பெரிய வயலாக இருந்தால் கோடையில் நிலம் காய்ந்திருக்கும்போது லேசர் கருவியால் சமன் செய்வது ஒருமுறைச் செலவு. அதன் பலன் பல பருவங்களுக்கு நிற்கும்.

6. மக்கிய எருவை மட்டும் போடுங்கள். மாடு தின்ற புல்லின் விதை சாணத்தில் உயிரோடு வரும். குப்பைக்குழியில் சூடேறி நன்றாக மக்கிய எருவில் அந்த விதைகள் பெரும்பாலும் செத்துவிடும். கையில் எடுத்தால் உதிர்ந்து, மண் வாசனை வீச வேண்டும். சாண வாடை இருந்தால் இன்னும் பக்குவப்படவில்லை.

விதையும் நாற்றும்

7. உப்புக் கரைசலில் விதையைத் தேர்வு செய்யுங்கள். ஒரு வாளித் தண்ணீரில் நல்ல கோழி முட்டையைப் போடுங்கள். அது அடியில் கிடக்கும். உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுக் கலக்கினால் முட்டை எழும்பி, அதன் மேல்பகுதி பழைய நாலணா அளவுக்கு வெளியே தெரியும். அதுதான் பதம். அதில் விதைநெல்லைக் கொட்டினால் பதரும் அரைக்கருக்காயும் எடை குறைந்த களை விதைகளும் மிதக்கும். அவற்றை அரித்துவிட்டு, மூழ்கிய நெல்லை நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசிப் பயன்படுத்துங்கள்.

8. நாற்றங்காலில் களை இருந்தால் நடவு வயலிலும் களைதான். ஏக்கருக்கு 8 சென்ட் நாற்றங்கால் என்பது வழக்கமான கணக்கு. அந்த 8 சென்ட்டில் களை எடுப்பது ஒருவரின் ஒரு பொழுது வேலை. அதை விட்டுவிட்டால் குதிரைவாலிப்புல்லும் நாற்று முடியோடு சேர்ந்தே போகும். நடவு ஆட்கள் அதையும் நாற்று என்றே ஊன்றிவிடுவார்கள். பறிக்கும்போது முடியைப் பிரித்துப் பாருங்கள். நாற்றைவிட வெளிறிய நிறத்தில், தட்டையான தண்டோடு இருப்பதை உருவி எறியுங்கள்.

9. வயது மீறிய நாற்று வேண்டாம், இடைவெளியும் தாறுமாறாக வேண்டாம். குறுகிய கால ரகத்துக்கு 18 முதல் 22 நாள், மத்திய கால ரகத்துக்கு 25 முதல் 30 நாள், சி.ஆர். 1009 போன்ற நீண்ட கால ரகத்துக்கு 35 முதல் 40 நாள் நாற்று ஏற்றது. இள நாற்று சீக்கிரம் வேர் பிடித்துத் தூர் வெடித்து நிழல் கட்டும். நிழல் விழுந்த மண்ணில் களை எழாது. வரிசை நடவாக இருந்தால் பிற்பாடு களைக்கருவி ஓட்ட வழி கிடைக்கும். 8 அடிக்கு ஒரு முறை 1 அடி பட்டம் விட்டால் களை எடுக்கவும் மருந்து தெளிக்கவும் பயிரை மிதிக்காமல் போய்வரலாம்.

நட்ட முதல் நாற்பது நாள்

10. தண்ணீர்க் கணக்கைத் தெரிந்துகொள்ளுங்கள். ஒரு ஏக்கரில் ஒரு செ.மீ. உயரத்துக்குத் தண்ணீர் நிறுத்த ஏறக்குறைய 40,000 லிட்டர் வேண்டும். 5 செ.மீ., அதாவது இரண்டு அங்குலம் என்றால் 2 லட்சம் லிட்டர். தேவைக்கு மேல் ஒரு அங்குலம் ஏற்றினால் 1 லட்சம் லிட்டர் கூடுதல். மோட்டார் போட்டு இறைப்பவர்கள் இந்தக் கணக்கை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு குச்சியில் 2.5, 5, 10 செ.மீ. அளவுகளைக் கீறி மடையருகே நட்டுவையுங்கள். கண் மதிப்பைவிட அது நம்பகமானது.

11. முதல் வாரம் மெல்லிய தண்ணீர். நடவன்று சேறும் சகதியுமாக 2 செ.மீ. போதும். வேர் பிடிக்கும் வரை, அதாவது ஒரு வாரம், 2 முதல் 3 செ.மீ. தண்ணீர் நிற்கட்டும். இந்த நாட்களில் வயல் காயவே கூடாது. காய்ந்தால் நாற்று வாடும், களை விதைகளும் முளைக்கத் தொடங்கும். பச்சை திரும்பியதும் 5 செ.மீ.க்கு ஏற்றுங்கள். களை அதிகம் வரும் வயலில் முதல் இரண்டு மூன்று வாரமும் இந்த உயரத்தைத் தொடர்ந்து காப்பாற்றுவது அவசியம்.

12. எந்தக் களை என்று பார்த்துப் பேர் சொல்லுங்கள். களைகள் மூன்று வகை: புல், கோரை, அகன்ற இலை. குதிரைவாலிப்புல் சிறிதாக இருக்கும்போது நெல்லைப் போலவே இருக்கும். இலையும் தாளும் சேரும் இடத்தை விரித்துப் பாருங்கள். நெல்லில் அங்கே வெள்ளைச் சவ்வு ஒன்று நாக்குப்போல நீட்டிக்கொண்டிருக்கும், இரண்டு பக்கமும் மெல்லிய மயிரோடு காதுமடல் வளைந்திருக்கும். குதிரைவாலியில் இரண்டும் இல்லாமல் அந்த இடம் மொழுக்கென்று இருக்கும். கோரையைக் கண்டுபிடிக்கத் தண்டை விரல்களுக்கு நடுவே உருட்டுங்கள், மூன்று பட்டையாகத் தட்டுப்படும். நீராரை, கரிசலாங்கண்ணி, நீர்மேல்நெருப்பு போன்றவை அகன்ற இலை வகை. இதில் ஒரு எச்சரிக்கை: தேங்கிய தண்ணீர் புல்லை அடக்கும், நீராரை போன்ற நீர்க்களைகளை அடக்காது. அவற்றுக்குக் கையோ கருவியோதான் வேண்டும்.

13. முளைக்கும் முன் இடும் களைக்கொல்லிக்குத் தண்ணீரே வாகனம். நட்ட மூன்றாம் நாளையொட்டி இதை இட வேண்டும். பூட்டாக்குளோர் என்றால் ஏக்கருக்கு 1 லிட்டரை 20 கிலோ உலர்ந்த மணலில் கலந்து சீராகத் தூவுவது வேளாண் பல்கலைக்கழகப் பரிந்துரை. வேறு மருந்து என்றால் டப்பாவில் எழுதிய அளவுதான் அளவு. வயலில் 2.5 செ.மீ. தண்ணீர் நிற்க வேண்டும். தூவிய பின் இரண்டு மூன்று நாள் தண்ணீரை வடிக்கவும் கூடாது, புதிதாகப் பாய்ச்சவும் கூடாது. வரப்பில் ஒரு வளை திறந்திருந்தால் மருந்து பக்கத்து வயலுக்கும் வாய்க்காலுக்கும் போய்விடும். ‘மருந்து வேலை செய்யவில்லை’ என்ற குறைக்குப் பெரும்பாலும் மடைதான் காரணம்.

14. முளைத்த பின் தெளிப்பதற்குத் தண்ணீரை வடியுங்கள். இங்கே முறை நேர் எதிரானது. பிஸ்பைரிபேக் சோடியம் போன்ற மருந்து இலை வழியே ஏறுவது. களை இரண்டு முதல் நான்கு இலைப் பருவத்தில் இருக்கும்போது தண்ணீரை வடித்து, இலைகள் வெளியே தெரியும்படி செய்து தெளிக்க வேண்டும். இரண்டு மூன்று நாள் கழித்து மறுபடி தண்ணீர் கட்டி ஒரு வாரம் நிறுத்துங்கள். மழை வரும்போல் இருந்தால் அன்று வேண்டாம். காற்று வீசும் நேரமும் வேண்டாம். அகன்ற இலைக் களைக்கு அடிக்கும் 2,4-டி மருந்தின் சாரல் பட்டால் பக்கத்துப் பருத்தி சுருண்டுவிடும். ஒரே மருந்தை ஆண்டுதோறும் அடித்தால் களை அதற்குப் பழகிவிடும். அதனால் பருவத்துக்குப் பருவம் வேறு வகைக்கு மாறுங்கள்.

15. கைக்களைக்கு ஈடு வேறில்லை. நட்ட 15-ஆம் நாள் ஒரு முறை, 30 முதல் 35-ஆம் நாளுக்குள் இன்னொரு முறை. ‘களை பிடுங்காப் பயிர் கால் பயிர்’ என்ற பழமொழி இந்த நாட்களைப் பற்றியதுதான். இதைத் தாண்டி எடுக்கும் களை பயிர் தின்ன வேண்டிய உரத்தைத் தின்று முடித்திருக்கும். களை எடுப்பதற்கு முதல் நாள் தண்ணீரைக் குறைத்து மண்ணை இளக்கமாக வைத்தால் வேரோடு வரும். பிடுங்கியதை வயலிலேயே போடாமல் வரப்பேற்றுங்கள். விதை வைக்காத இளம் களையைச் சேற்றில் மிதித்துப் புதைக்கலாம். முதலில் களை, பிறகுதான் யூரியா. இந்த வரிசை மாறினால் உங்கள் பணத்தில் களை கொழுக்கும்.

16. களை எடுக்கும் பெண்களின் சொல்லைக் கேளுங்கள். எந்த மூலையில் எது அதிகம், எது புதிதாக வந்திருக்கிறது என்பதைக் குனிந்து நிற்பவர்கள்தான் முதலில் காண்பார்கள். களைக்கொல்லி தெளித்த வயலில் டப்பாவில் குறித்த இடைவெளி முடியும் முன் அவர்களை இறக்காதீர்கள். நாள் முழுதும் தண்ணீரில் நிற்பதால் விரலிடுக்கில் சேற்றுப்புண் வரும். வேலை முடிந்ததும் காலைக் கழுவ நல்ல தண்ணீருக்கும், துடைத்துத் தேங்காயெண்ணெய் தடவுவதற்கும் ஏற்பாடு செய்து கொடுங்கள். வயலில் பறித்த நீராரையும் வள்ளைக்கீரையும் அடுப்பங்கரைக்குப் போவது கிராமத்து வழக்கம். மருந்து அடித்த வயலின் கீரையை யாரும் எடுத்துப்போகாதபடி முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

17. கோனோவீடர் ஓட்டுங்கள். செம்மை நெல் சாகுபடியில் 14 நாள் நாற்றை 25-க்கு 25 செ.மீ. இடைவெளியில் சதுரமாக நடுவதே இரண்டு திசையிலும் கருவி ஓடுவதற்காகத்தான். நட்ட 10-ஆம் நாள் தொடங்கி, பத்து நாளுக்கு ஒரு முறையாக நான்கு முறை ஓட்டலாம். மண்ணுக்கு மேல் ஒரு விரற்கடைத் தண்ணீர் இருந்தால் கருவி வழுக்கிக்கொண்டு போகும். காய்ந்த சேற்றில் கை வலிக்கும், ஆழமான தண்ணீரில் களை மிதந்து மறுபடி வேர் பிடிக்கும். அமுங்கிய களை அங்கேயே உரமாகும், கிளறிய மண்ணில் வேருக்குக் காற்றும் கிடைக்கும். குத்தை ஒட்டி நிற்பதை மட்டும் கையால் எடுங்கள்.

18. அசோலா தூவுங்கள். நட்ட ஒரு வாரத்துக்குள் ஏக்கருக்கு 100 கிலோ பச்சை அசோலா தூவினால் அது பெருகித் தண்ணீரின் மேல் போர்வையாகப் படரும். அடியில் வெளிச்சம் இல்லாமல் களை விதைகள் அடங்கும். காற்றிலுள்ள தழைச்சத்தும் வயலில் சேரும். தண்ணீர் நிற்கும் வயலுக்கு மட்டுமே இது சரிப்படும். களைக்கருவி ஓட்டும்போது சேற்றில் மிதித்துவிடுங்கள்.

19. நேரடி விதைப்பு என்றால் இரட்டைக் கவனம். தண்ணீர் தாமதமாகும் ஆண்டுகளில் நாகை, திருவாரூர் பக்கமும், மழையை நம்பிய இராமநாதபுரம், சிவகங்கைப் பக்கமும் புழுதியில் விதைப்பதுண்டு. நாற்று நட்டால் நெல்லுக்குக் கிடைக்கும் சில வார முந்துதல் இதில் கிடையாது. நெல்லும் களையும் ஒரே நாளில் முளைக்கும், தடுக்கத் தண்ணீரும் நிற்காது. அதனால் விதைத்த சில நாளுக்குள் ஈரமிருக்கும்போது பெண்டிமெத்தலின், அது தவறினால் இருபதாம் நாளையொட்டி முளைத்த பின் தெளிக்கும் மருந்து, அதற்குப் பின் ஒரு கைக்களை என்று திட்டமிட்டுக்கொள்ளுங்கள். கோரைக்கிழங்கு நிறைந்த நிலத்தில் நேரடி விதைப்பைத் தவிர்ப்பதே நல்லது.

காய்ச்சலும் பாய்ச்சலும்

20. தண்ணீர் பார்க்கும் குழாய் ஒன்று புதையுங்கள். பிலிப்பைன்ஸில் உள்ள பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிறுவனம் பரப்பிய எளிய உத்தி இது. நம் பெரியவர்கள் ‘காய்ச்சலும் பாய்ச்சலுமாக’ என்று சொன்னதை அளந்து செய்வதற்கான கருவி. ஓர் அடி நீளமுள்ள, 10 முதல் 15 செ.மீ. விட்டமுள்ள பி.வி.சி. குழாயின் கீழ்ப்பாதியில் சுற்றிலும் துளை போட்டு, அந்தப் பாதியை மண்ணில் புதைத்து உள்ளிருக்கும் சேற்றை அள்ளிவிடுங்கள். மேலே தண்ணீர் வற்றிய பிறகும் குழாய்க்குள் தண்ணீர் தெரியும். அது மண்மட்டத்துக்குக் கீழே 15 செ.மீ. இறங்கும் வரை பயிருக்குத் தாகமில்லை. இறங்கியதும் 5 செ.மீ. பாய்ச்சுங்கள். நிரந்தரமாகத் தண்ணீர் நிறுத்துவதைவிட 15 முதல் 30 விழுக்காடு வரை மிச்சமாகும், வயலிலிருந்து கிளம்பும் மீத்தேனும் நன்றாகக் குறையும். குழாய் இல்லையென்றால் மண்ணில் மயிரிழை வெடிப்பு தெரிவதை அடையாளமாக வைத்துக்கொள்ளலாம். விரல் நுழையும் வெடிப்பு விட்டால் பாய்ச்சும் தண்ணீர் பிளவு வழியே கீழே போய்விடும்.

21. காய்ச்சலை எப்போது தொடங்குவது, எங்கே கூடாது? களை இல்லாத வயலில் நட்ட இரண்டு வாரத்தில் தொடங்கலாம். களை இருந்தால் அதை அடக்கி முடிக்கும் வரை இன்னும் இரண்டு மூன்று வாரம் தள்ளிப்போடுங்கள். அவசரப்பட்டுக் காயவிட்டால் தண்ணீரில் சேமித்த காசு களைக்கூலியில் போய்விடும். வேதாரண்யம் போன்ற கடலோர உவர் நிலத்தில் இந்த முறை வேண்டாம். மண் காய்ந்தால் உப்பு மேலே ஏறும். அங்கே தண்ணீரை நிறுத்தி, வடித்து, புதுத் தண்ணீர் கட்டுவதே சரி.

22. ரகத்தின் வயதிலிருந்து 65-ஐக் கழியுங்கள். 110 நாள் ரகம் என்றால் விதைத்த 45-ஆம் நாளையொட்டித் தாளுக்குள் கதிர் உருவாகத் தொடங்கும். 30-ஐக் கழித்தால் வரும் 80-ஆம் நாளையொட்டிப் பூக்கும். 135 நாள் சம்பா ரகத்துக்கு இவை 70, 105. கதிர் உருவாவது முதல் பால் பிடிப்பது வரை பயிர் காய்ச்சலைத் தாங்காது. பூப்பதற்கு ஒரு வாரம் முன்பிருந்து பூத்து ஒரு வாரம் வரை 5 செ.மீ. தண்ணீர் கட்டாயம். முறைத் தண்ணீர் குறைவாகக் கிடைக்கும் ஆண்டில் வேறு எந்த நாளில் சிக்கனம் பிடித்தாலும் இந்த நாட்களில் பிடிக்காதீர்கள்.

மழையும் அறுவடையும்

23. வாய்க்காலுக்கு முன் வடிகாலைப் பாருங்கள். வடகிழக்குப் பருவமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை. சம்பாவும் தாளடியும் இளம் பயிராக நிற்பதும் அப்போதுதான். புரட்டாசிக்குள் வடிகாலில் மண்டிய ஆகாயத்தாமரையையும் நாணலையும் ஊரார் சேர்ந்து அகற்றிவிட்டால் ஐப்பசியில் அழ வேண்டியதில்லை. ஓயாமல் தண்ணீர் நிற்கும் வயலில் ஒரு குத்தைப் பறித்து வேரைப் பாருங்கள். வெள்ளையும் செம்பழுப்புமாக இருந்தால் நலம். கறுத்து, அழுகிய முட்டை நாற்றம் அடித்தால் மண்ணுக்கு மூச்சு இல்லை. உடனே வடித்து இரண்டு மூன்று நாள் காயவிடுங்கள்.

24. மூழ்கிய பயிருக்கு முதலுதவி. தண்ணீர் வடிந்ததும் நேரே யூரியாவை அள்ளி வீசாதீர்கள். முதலில் ஏக்கருக்கு 2 கிலோ யூரியாவும் 1 கிலோ துத்தநாக சல்பேட்டும் 200 லிட்டர் தண்ணீரில் கரைத்து இலைவழி தெளியுங்கள். பயிர் தெளிந்த பிறகு 22 கிலோ யூரியா, 18 கிலோ ஜிப்சம், 4 கிலோ வேப்பம்புண்ணாக்கு கலந்து ஓரிரவு வைத்திருந்து, காலையில் 17 கிலோ பொட்டாஷ் சேர்த்து இடுவது வேளாண்மைத் துறையின் பரிந்துரை. ஆண்டுதோறும் முங்கும் பள்ளக்காலுக்கு சுவர்ணா சப்-1, சி.ஆர். 1009 சப்-1 போன்ற வெள்ளம் தாங்கும் ரகங்களைத் தேர்ந்தெடுங்கள்.

25. அறுவடைக்கு முன் இரண்டு வேலை. கதிர் தலைசாய்ந்து முற்றியதும், அறுப்புக்கு 10 முதல் 15 நாளைக்கு முன் தண்ணீரை நிறுத்துங்கள். மணி சீராகப் பழுக்கும், இயந்திரமும் புதையாது. பிறகு ஒரு நாள் பட்டத்தின் வழியே நடந்து, பயிருக்கு மேலே தலைநீட்டும் குதிரைவாலிக் கதிர்களையும் களைநெல்லையும் உதிர்வதற்குள் அறுத்துச் சாக்கில் போட்டு வெளியேற்றுங்கள். ஒரே செடி ஆயிரக்கணக்கில் விதை உதிர்க்கும், அது மண்ணில் பல ஆண்டு கிடந்து முளைக்கும். அறுவடை இயந்திரம் உங்கள் வயலில் இறங்கும் முன் அதன் சக்கரத்தையும் சல்லடையையும் தட்டித் துடைக்கச் சொல்லுங்கள். வெளியூர்க் களை விதை அதில் ஏறித்தான் வருகிறது.

இத்தனையையும் ஒரே பருவத்தில் செய்ய முடியாமல் போகலாம். சமன் செய்தல், வளை அடைத்தல், முதல் மூன்று வாரத் தண்ணீர், 15-ஆம் நாள் களை ஆகிய நான்கை மட்டுமாவது விட்டுவிடாதீர்கள். மற்றவை இவற்றின் மேல்தான் நிற்கும்.

வயல் விட்டு வயல் தண்ணீர் பாயும் நம் படுகையில் தனி ஆளாகக் களையை ஒழிக்க முடியாது. மேல்மடைக்காரர் உதிரவிட்ட விதை கீழ்மடைக்காரர் வயலில் முளைக்கும். கடைமடைக்குத் தண்ணீர் எட்டாமல் போவதும் தலைப்பில் ஏற்றும் அந்தக் கூடுதல் அங்குலத்தால்தான். ஆகவே பக்கத்து வயல்காரரோடு பேசுங்கள். ஒரே வாரத்தில் நட்டு, ஒரே வாரத்தில் களை எடுத்து, வரப்பையும் வாய்க்காலையும் சேர்ந்தே செதுக்குங்கள். இந்தப் பருவம் எந்த மூலையில் எந்தக் களை வந்தது, என்று தண்ணீர் கட்டினீர்கள் என்பதை ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். அடுத்த பருவத்துக்கு அதைவிட நல்ல ஆலோசகர் கிடைக்கமாட்டார்.